கடைசியில் வரும் கசப்பு

வெர்திக்கியோ தன் குணத்தைக் கடைசியில்தான் காட்டும். கோப்பையில் ஊற்றினால் வெளிறிய வைக்கோல் நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் மெல்லிய பச்சை. மூக்கருகே கொண்டுபோனால் எதுவும் முந்திக்கொண்டு வராது. சற்றுக் காத்திருந்தால் பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், கசக்கிய சோம்புத் தழையின் வாசனை. வாயில் வைத்ததும் நிமிர்ந்த புளிப்பு. விழுங்கிவிட்டு அடுத்த பேச்சைத் தொடங்கப்போகும் நேரத்தில் நாக்கின் அடிவேரில் ஒரு கசப்பு வந்து நிற்கிறது. தோலோடு மென்ற பாதாமின் கசப்பு. இத்தாலியின் மார்க்கே பகுதியில் விளையும் இந்த வெள்ளை ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தக் கசப்பை ஒரு சொல்லில் குறித்துவிட்டு மேலே போய்விடுவார்கள். நான் அங்கேயே நிற்க விரும்புகிறேன். இந்த ஒயினைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கட்டியிருப்பது அதுதான்.

மார்க்கே, அப்பென்னைன் மலைகளுக்கும் அத்ரியாட்டிக் கடலுக்கும் நடுவே கிடக்கும் குன்று நிலம். மலையில் பிறக்கும் ஆறுகள் பக்கம்பக்கமாகக் கிழக்கே ஓடிக் கடலில் சேர்கின்றன. அவற்றில் ஒன்றான எஸினோவின் இரு கரைக் குன்றுகளிலும், யேஸி நகரைச் சுற்றி, வெர்திக்கியோ கொடிகள் நிற்கின்றன. புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் 1194இல் பிறந்த ஊர் இந்த யேஸி. குன்றுகளின் உச்சியில் மதில் சூழ்ந்த சிற்றூர்கள்: குப்ரமொந்தானா, ஸ்தாஃபொலோ, மொந்தெகரோத்தோ, மையொலாத்தி. யேஸியின் ஆளுகைக்குள் இருந்த இந்தக் கோட்டையூர்களின் பெயரால்தான் ஒயினும் வழங்குகிறது: வெர்திக்கியோ தெய் காஸ்தெல்லி தி யேஸி. கடற்காற்று இந்தக் குன்றுகள் வரை வரும். சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்த மண்.

உள்ளே, மலைகளுக்கு இடையில், வெர்திக்கியோ விளையும் இன்னோர் இடமான மாத்தேலிக்கா இருக்கிறது. அங்கே பள்ளத்தாக்கு வடக்குத் தெற்காகக் கிடப்பதால் கடற்காற்றை மலை மறித்துவிடுகிறது. பகலில் நல்ல வெயில், இரவில் நல்ல குளிர். பழம் மெதுவாகக் கனியும், அறுவடையும் தள்ளிப்போகும். பரப்பில் யேஸியைவிட மிகச் சிறியது. யேஸி ஒயின் வாயை அகலமாக நிரப்பும். மாத்தேலிக்கா ஒயின் ஒல்லியாக, நேராக இறங்கும். மீனுக்கு யேஸி, முயலுக்கும் பன்றிக்கும் மாத்தேலிக்கா என்பது என் தேர்வு. இதே திராட்சை வடக்கே வெரோனா பக்கம் த்ரெப்பியானோ தி சோவாவே என்ற பெயரில் வளர்கிறது என்று மரபணுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இருந்தாலும் கசப்பை இவ்வளவு வெளிப்படையாக வைத்திருப்பது மார்க்கேயின் கொடிகள்தான்.

திராட்சையின் தோலிலும் விதையிலும் கசப்பைத் தரும் ஃபீனால் சேர்மங்கள் இருக்கின்றன. வெள்ளை ஒயின் செய்யும்போது பழத்தைப் பிழிந்த உடனே சாற்றைத் தோலிலிருந்து பிரித்துவிடுவார்கள். அப்படிப் பிரித்தாலும் வெர்திக்கியோவில் அவற்றின் ஒரு பங்கு தங்கிவிடுகிறது. உப்பு பட்டால் கசப்பு அடங்கும். பாகற்காயை உப்பில் பிசிறி வைக்கிற எவருக்கும் இது தெரியும், சுவை ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. உப்பேறிய மீன் துண்டு ஒன்று வாய்க்குள் போனதும் ஒயினின் கசப்பு தணிகிறது. அதன் பின்னால் மறைந்திருந்த பழமணம் முன்னே வருகிறது. ஆலிவ் எண்ணெயின் பிசுக்கைப் புளிப்பு கழுவிவிடுகிறது. எச்சில் ஊறுகிறது. மீன் போன பிறகு கசப்பு திரும்பி வருகிறது. வந்து அடுத்த கவளத்தைக் கேட்கிறது. கவளம் மிடறைக் கேட்க, மிடறு கவளத்தைக் கேட்க, ஒரு வேளைச் சாப்பாடு நடந்து முடிகிறது. கசப்பில்லாத, பழமணம் மட்டுமே உள்ள ஒயினில் இந்தப் போக்குவரத்து சீக்கிரம் நின்றுவிடும். இரண்டாவது கோப்பையில் சலித்துவிடும்.

சேராத இடங்களும் உண்டு. இனிப்புப் பண்டத்தோடு வெர்திக்கியோவைக் குடித்தால் புளிப்பும் கசப்பும் துருத்திக்கொண்டு நிற்கும், பழமணம் வற்றிப்போகும். மிளகாய்க் காரத்தோடு எந்த ஒயினின் ஆல்கஹாலும் எரிச்சலைக் கூட்டத்தான் செய்யும். பொரித்த மீனின் மேல் எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிந்துவிட்டு இதைக் குடிப்பதையும் நான் ஏற்க மாட்டேன். எலுமிச்சை செய்ய வேண்டிய வேலையைச் செய்யத்தானே ஒயின் பக்கத்தில் இருக்கிறது.

ஒயின் போட்டிகளில் வெர்திக்கியோ எளிதாகத் தோற்றுப்போவதற்கும் இதே காரணம். நடுவர் காலையிலிருந்து பல பத்து ஒயின்களை வரிசையாகச் சுவைத்துத் துப்புகிறார். வாய்க்குத் துணை ரொட்டித் துண்டும் தண்ணீரும்தான். அங்கே வாசனையை உரக்கச் சொல்கிற ஒயினுக்கு மதிப்பெண் கூடும். கடைசியில் கசக்கிற ஒயினுக்குக் குறையும். ஒயினை நூற்றுக்கு இத்தனை என்று அளக்கும் பழக்கம் அதை உணவிலிருந்து பிரித்தெடுத்துத் தனியே மேடையில் நிறுத்தியது. அந்தப் பிரிவினால் அதிகம் இழந்தவை இத்தாலியின் வெள்ளை ஒயின்கள் என்பது என் எண்ணம். அவை சாப்பாட்டு மேசையில் வளர்ந்தவை.

வெர்திக்கியோவுக்கு அதற்கு முன்பே வேறொரு சோதனை வந்திருந்தது. 1953இல் ஃபாத்ஸி பத்தாலியா நிறுவனம் தன் ஒயினுக்குப் புதிய புட்டி வடிவம் வேண்டிப் போட்டி வைத்தது. மிலானைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அந்தோனியோ மையோக்கியின் வடிவம் வென்றது. பழங்கால ஆம்ஃபோரா சாடியை நினைவூட்டும்படி இடை சிறுத்து வளைந்த பச்சைப் புட்டி. கழுத்தில் நூலால் கட்டிய சின்னக் காகிதச் சுருள். பார்த்தவர்கள் மறக்க முடியாத புட்டி அது. போருக்குப் பிந்தைய வருஷங்களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருகிய இத்தாலிய உணவகங்களில் அது மேசைக்கு மேசை நின்றது. பக்கத்துத் தயாரிப்பாளர்களும் அந்த வடிவத்தைப் பின்பற்றினார்கள். மார்க்கே என்ற பெயரைக் கேள்விப்படாதவர்களுக்கும் அந்தப் பச்சைப் புட்டி தெரிந்திருந்தது.

ஆம்ஃபோரா என்றதும் தமிழ் வாசகருக்கு அரிக்கமேடு நினைவுக்கு வரும். 1945இல் மார்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் ஆம்ஃபோராக்களின் உடைசல்கள் கிடைத்தன. அந்த இடத்தில் கிடைத்த உடைசல்களில் ஒயின் கொண்டுவந்த சாடிகளுடையவை நிறைய. இத்தாலியின் காம்பானியாவிலிருந்து வந்தவையும் அவற்றில் உண்டு. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாடியிருக்கிறார். அந்தச் சாடிகளின் அடி கூர்ந்திருந்ததற்கும் கழுத்தில் இரண்டு பிடிகள் இருந்ததற்கும் காரணம் உண்டு: கப்பலின் அடித்தளத்தில் நெருக்கி அடுக்க வேண்டும், மணலில் ஊன்ற வேண்டும், இருவர் தூக்க வேண்டும். வேலை கொடுத்த வடிவம். 1953இன் வடிவத்தைக் கொடுத்தது கடைத்தட்டு.

புட்டி பேர்போனதும் உள்ளே இருப்பதைப் பற்றிய கவலை குறைந்தது. எஃகுத் தொட்டியும் குளிரூட்டும் கருவியும் வந்தன, ஒயின் சுத்தமாயிற்று, பழுதுகள் போயின, அது நல்லதே. பழைய முறையில் உலர்த்திய திராட்சையைச் சேர்த்து இரண்டாம் முறை நொதிக்க விடுவார்கள். அதனால் துளி இனிப்பும் துளி நுரையும் கிடைக்கும். அந்த வழக்கம் ஒழிந்தது. அதற்காக நான் வருந்தவில்லை. வருத்தமெல்லாம் கொடியிடம் அளவுக்கு மீறி விளைச்சல் கேட்டதற்கும், கசப்பைக் குறையென்று கருதி நீக்கியதற்கும்தான். கேசீன் என்ற பால் புரதத்தைக் கலந்து தெளியவைத்தால் ஒயினின் கசப்பு குறையும். அளவு மிஞ்சினால் கசப்போடு குணமும் போய்விடும். அப்படி வழித்துத் துடைத்த வெர்திக்கியோவைக் குடித்திருக்கிறேன். குளிர்ச்சியாக இருந்தது, வேறு எதுவும் சொல்வதற்கில்லை. ‘மீனுக்கு ஏற்ற மலிவான ஒயின்’ என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. 1968இல் யேஸி ஒயினுக்கு இடப்பெயர்க் காப்பு கிடைத்த பிறகும், மாத்தேலிக்காவுக்கு அதற்கு முந்தைய ஆண்டே கிடைத்திருந்தும், அந்தப் பெயர் எளிதில் போகவில்லை. தரத்தில் அக்கறை கொண்டவர்கள் ஒவ்வொருவராக அழகுப் புட்டியைக் கைவிட்டுச் சாதாரண நேர்ப்புட்டிக்கு வந்தார்கள். நான் அதைத் துணிச்சலான முடிவாகப் பார்க்கிறேன். உலகம் அடையாளம் கண்டுகொண்ட ஒரே முகத்தை அவர்கள் தாமாகக் கழற்றி வைத்தார்கள்.

மார்க்கே பல நூற்றாண்டுகள் பாதி வாரத்தில் வாழ்ந்த நிலம். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுத குடும்பத்துக்கு. இத்தாலிய மொழியில் மெத்ஸாத்ரியா. திராட்சைக்கென்று தனித் தோட்டம் போடாமல், கோதுமை விளையும் வயலின் ஓரத்து மேப்பிள் மரங்களில் கொடியை ஏற்றிவிடுவார்கள். நல்ல ஒயின் பங்கிலும் சந்தையிலும் போய்விடும். எஞ்சிய சக்கையில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துப் பிழிந்ததை உழவர் வீட்டில் குடிப்பார்கள். தோலின் கசப்பு அதில் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். 1964இல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடைசெய்தது. அதற்குள் இளையவர்கள் பலர் தொழிற்சாலைகளுக்கு இறங்கிப் போயிருந்தார்கள். இன்று விலைப்பட்டியலில் அழகான பெயர்களோடு வரும் மார்க்கே உணவுகளில் பலவும் அந்த வீடுகளிலும் மீன்பிடிப் படகுகளிலும் பிறந்தவை. கிடைத்ததை வீணாக்காமல், நீண்ட நேரம் வேகவைத்து, எண்ணெயும் உப்பும் சேர்த்துச் செய்தவை. எந்த உணவுக்கு எந்த ஒயின் என்று நிபுணர்கள் விதி எழுதுவதற்கு முன்பே அந்த வீடுகளில் இரண்டும் ஒரே மேசையில் இருந்தன. விதி அங்கிருந்துதான் வந்தது.

அங்கோனாவின் ஸ்தொக்காஃபிஸ்ஸோவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நார்வேயின் லோஃபோடன் தீவுகளில் குளிர்காலத்தில் பிடிக்கும் காட் மீனை, உப்பே இடாமல், இரண்டிரண்டாக வாலில் கட்டி மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை கடற்காற்றில் காய்ந்து கட்டையாகிவிடும். வருஷக்கணக்கில் கெடாது. கப்பலில் அங்கோனா துறைமுகத்துக்கு வந்த அந்த வடகடல் மீன், அத்ரியாட்டிக் கரையிலேயே இருக்கும் ஒரு நகரத்தின் பெருமைக்குரிய உணவாகியது. அதன் செய்முறையைப் பேணுவதற்கென்று அங்கே ஒரு கழகமே இருக்கிறது. மீனைச் சில நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்கிறார்கள். சட்டியின் அடியில் பிளந்த நாணல் குச்சிகளைப் பரப்புகிறார்கள், அடிப்பிடிக்காமலிருக்க. அதன் மேல் மீன், தக்காளி, வெங்காயம், செலரி, உப்பிட்ட நெத்திலி, ரோஸ்மேரி. எல்லாவற்றுக்கும் மேலே பெரிய பெரிய உருளைக்கிழங்குத் துண்டுகள். ஆலிவ் எண்ணெயை, பார்ப்பவர் பதறும் அளவுக்கு, ஊற்றுகிறார்கள். வெர்திக்கியோவும் சட்டிக்குள் போகிறது. பிறகு மூடிவிட்டால் கிளறக்கூடாது. சிறுதீயில் இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

வெந்து வரும்போது உருளைக்கிழங்கு எண்ணெயையும் மீன் சாற்றையும் உறிஞ்சிச் செம்பொன் நிறமாகியிருக்கும். மீன் இதழ் இதழாகப் பிரியும். அதன் பசை உதட்டில் ஒட்டும். நெத்திலியின் உப்பு, தக்காளியின் இனிப்பு, எண்ணெயின் கனம் எல்லாம் ஒன்றாக இறங்கும்போது ஒரு லேசான, வாசனைக்கார வெள்ளை ஒயின் அங்கே காணாமல் போய்விடும். சிவப்பு ஒயின் மீனோடு மோதி உலோகச் சுவையைக் கிளப்பும். மூன்று நான்கு வயதான யேஸி வெர்திக்கியோ அந்தச் சட்டிக்கு முன்னால் நின்று பேசும். புளிப்பு எண்ணெயைக் கழுவுகிறது. உப்பு கசப்பைத் தணிக்கிறது. கசப்பு தக்காளியின் இனிப்பைத் திகட்டவிடாமல் வைக்கிறது. உணவும் ஒயினும் சேர்வது பற்றி நூல்களில் படித்ததையெல்லாம் இந்த ஒரு தட்டு எனக்குத் தெளிவாக்கியது.

மீன் சாறான ப்ரொதெத்தோவின் கதை வேறு. விற்காமல் மிஞ்சிய சிறு மீன்களை மீனவர்கள் படகிலேயே கூட்டிச் சமைத்தது. கரையோரத்தில் ஊருக்கு ஊர் செய்முறை மாறும். தங்கள் ஊர்ச் சாறுதான் அசல் என்று ஒவ்வோர் ஊரும் சொல்லும். அங்கோனாவில் பதின்மூன்று வகை மீன் சேர வேண்டும் என்பது மரபு. தக்காளியும் வினிகரும் உண்டு. சான் பெனெதெத்தோவில் பச்சைத் தக்காளியும் குடைமிளகாயும் வினிகரும். போர்த்தோ ரெகனாத்தியில் தக்காளியே கிடையாது, காட்டுக் குங்குமப்பூ. வினிகர் ஒயினுக்குப் பகை என்பார்கள், உண்மைதான். வினிகர் சேர்ந்த உணவின் முன்னால் மென்மையான ஒயின் சப்பென்று ஆகிவிடும். தன்னிடமே போதுமான புளிப்பு உள்ள ஒயின் மட்டும்தான் அங்கே தலைநிமிர்ந்திருக்கும். ஓரிரு ஆண்டே ஆன இளம் வெர்திக்கியோ இந்தச் சாற்றுக்குப் போதும். அங்கோனாவுக்குத் தெற்கே கோனெரோ மலையடியில், பொர்த்தொநோவோ பாறைகளில் தானாக வளரும் மோஷொலி சிப்பிகளுக்கும் அதே இளம் ஒயின்தான்.

காட்டுச் சோம்பும் பூண்டும் திணித்துச் சுட்ட முயலோடு மாத்தேலிக்கா ஒயினைக் குடிக்கும்போது, கோப்பையில் இருந்த சோம்பு மணமும் தட்டில் இருக்கும் சோம்பு மணமும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். இறைச்சியும் ஈரலும் அடுக்கிய பாஸ்தாவான வின்சிஸ்கிராஸ்ஸிக்கு மார்க்கேக்காரர்கள் பெரும்பாலும் சிவப்பைத்தான் எடுப்பார்கள். வயதான வெர்திக்கியோ ஒன்று கையில் இருந்தால் நான் அதைத்தான் திறப்பேன்.

வயதைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒயினைப் பற்றிய பேச்சு முடியாது. வெள்ளை ஒயினை வாங்கிய வருஷமே குடித்துவிட வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வெர்திக்கியோவின் புளிப்பும் கசப்பும் அதைக் காப்பாற்றி வைக்கின்றன. ஒயின் தயாரிப்பாளர் அம்பெலியோ புச்சி, ஜோர்ஜோ க்ராய் என்ற கைதேர்ந்த சுவைஞரைத் துணையாகக் கொண்டு, 1980களிலிருந்து வில்லா புச்சி ரிசெர்வாவைப் பெரிய பழைய ஓக் பீப்பாய்களில் பொறுமையாக முதிரவைத்தார். மரத்தின் வாசனையை ஏற்றுவதற்காக வைத்த பீப்பாய்கள் அல்ல அவை. ஒயின் மெல்ல மூச்சுவிடுவதற்கு. கரோஃபொலி குடும்பம் தன் ‘போதியும்’ என்ற ஒயினில் மரத்தையே தொடாமல் அதே ஆழத்தை எட்டியது. முதிர்ந்த வெர்திக்கியோவில் ஆப்பிளும் எலுமிச்சையும் பின்வாங்கி, சாமந்தி வகைப் பூக்களின் உலர்ந்த மணம், வைக்கோல், தேன், கல்லோடு கல் உரசிய நெடி எல்லாம் வரும். கசப்பு போகாது. கூர்மை மட்டும் மழுங்கி, நீண்டு நிற்கும்.

ஐஸ் வாளியில் மூழ்கவைத்து இதைக் குடிப்பது பெரிய வீண். அதிகக் குளிரில் வாசனை மூடிக்கொள்ளும், கசப்பு மட்டும் தனியே துருத்தும். பிறகு இந்த ஒயின் கசக்கிறது என்று குறை சொல்வார்கள். இளம் ஒயினுக்குப் பத்து டிகிரி, முதிர்ந்ததற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. வாய் குறுகிய சிறிய கோப்பையும் வேண்டாம்.

2010இல் யேஸியின் ரிசெர்வா வகைக்கு இத்தாலியின் மிக உயர்ந்த இடப்பெயர்க் காப்பு கிடைத்தது. அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளப் பதினெட்டு மாத முதிர்ச்சி போதும் என்கிறது விதி. அதில் ஆறு மாதம் புட்டிக்குள். விற்பனைக்கு அது போதுமானதாக இருக்கலாம், ஒயினுக்குப் போதாது. எங்காவது ஒரு கடையில் ரிசெர்வா கண்ணில் பட்டால் இரண்டாக வாங்குங்கள். ஒன்றை உப்பும் எண்ணெயும் தாராளமாக உள்ள மீனோடு இப்போதே குடியுங்கள். மற்றதை வெளிச்சம் படாத, குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்து, எட்டு வருஷமாவது தொடாமல் இருங்கள்.